வாசிப்பார்வத்தின் தோற்றம்: கோர்க்கி, சார்த்தர் ஆகியோரின் இளமை நினைவுகளை முன்வைத்துச் சில கருத்துகள்

ஈழத்திலும் தமிழகத்திலும் வெளிவந்துள்ள எழுத்தாளர் வாழ்க்கை வரலாறுகளையும் மணிவிழா மலர்களையும் நூன்முகங்களையும் பயில்வோர், ஏறத்தாழ ஒரே வடிவிலமைந்த வாக்கியமொன்றை அடிக்கடி எதிர்கொள்வர். இன்னார் இளமை முதலே வாசிப்பில் தணியாத ஆர்வங் கொண்டிருந்தார் என்பதே அது. அதனை எழுதி முடித்ததும் வரலாற்றாசிரியர் அடுத்த பந்திக்குச் சென்றுவிடுவார். அவ்வார்வம் எங்கிருந்து வந்தது, யாருடைய நூல்கள், எந்த வேளையில், எந்த விளக்கொளியில், எவருடைய அனுமதியோடு வாசிக்கப்பட்டன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. கண்ணின் நிறம் போலவும் தலைமயிரின் சுருள் போலவும் உடன்பிறந்த ஒன்றாகவே வாசிப்பார்வம் கருதப்படுகின்றது. மரபுவழிப் பண்டிதர் இதனைப் பூர்வவாசனை என்பர். நவீன இரசனைவாதிகள் நுண்ணுணர்வு என்பர். பெயர்தான் வேறு, விளக்கப்படவேண்டியதை விளக்கமாகவே தந்துவிடும் உத்தி இருசாரார்க்கும் பொதுவானது.

இக்குறையினின்றும் நாமும், அதாவது இலக்கியத்தைச் சமூகவியல் நோக்கில் அணுகுவோரும், முற்றாக விடுபட்டோம் எனக் கூறுவதற்கில்லை. எழுத்தாளனின் வர்க்கத்தைச் சுட்டுவோம். அவன் வாழ்ந்த காலத்து உற்பத்தி உறவுகளை விவரிப்போம். பின்னர் அவனது ஆக்கங்களுக்கு வந்துவிடுவோம். இடையில் ஒரு குழந்தை இருந்தது என்பதை மறந்துவிடுகின்றோம். 1957இல் எழுதிய முறையியல் பற்றிய நூலில் சார்த்தர் தம் காலத்து மார்க்சியவாதிகள்மீது சுமத்திய பிரதான குற்றச்சாட்டு இதுவேயாகும். கவிஞர் வலேரியை உதாரணமாக எடுத்து, அவரது வர்க்கத்தைக் கூறிவிட்டதனால் அவ்வர்க்கத்தவர் பல்லாயிரவருள் அவர் மட்டும் ஏன் வலேரி ஆனார் என்பது விளங்கிவிடாது என்று அவர் வாதிட்டார். மனிதர் யாவரும் முதற்கூலி பெறும் வயதிலேயே பிறக்கின்றனர் என்று எண்ணுவார்போல மார்க்சியவாதிகள் குழந்தைப் பருவத்தை ஒதுக்கிவிடுகின்றனர் என்பதும் அவர் கூற்றின் சாரம். சார்த்தரின் இருப்பியல் நிலைப்பாடுகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயின் இவ்விமர்சனம் நியாயமானது. இதற்கான விடையைத் தேடுவதற்கு அவருடைய சுயசரிதையோடு, அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர் எழுதப்பட்ட கோர்க்கியின் சுயசரிதையையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும்.

கோர்க்கியின் தன்வரலாறு மூன்று பாகங்களாலானது. தமிழில் 'எனது குழந்தைப் பருவம்', 'யான் பெற்ற பயிற்சிகள்', 'யான் பயின்ற பல்கலைக்கழகங்கள்' என்னும் பெயர்களில் வழங்கும் இவை முறையே 1913–1914, 1915–1916, 1923 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இந்நூல்களை ஜார் காலத்து ரஷ்யச் சிறுநகர வாழ்வின் ஆவணமாகவே நம்மவர் பெரும்பாலும் வாசித்துள்ளனர். அவற்றுள் ஊடாடி நிற்கும் மற்றொரு வரலாறு, ஒரு சிறுவன் வாசகனாகிய வரலாறாகும்.

அவ்வரலாறு நூலில் தொடங்கவில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. 1868இல் பிறந்த அலெக்சி, மூன்று வயதளவில் தந்தையை வாந்திபேதிக்குப் பறிகொடுத்து, நீஷ்னி நொவ்கொரொத் நகரிலே சாயத்தொழிற்சாலை நடத்திய பாட்டன் வீட்டை அடைகின்றான். பாட்டன் அவனுக்குத் தேவாலய மொழியின் எழுத்துக்களைக் கற்பிக்கின்றார். திருப்பாடல் ஏட்டை உருப்போடச் செய்கின்றார். சாட்டையும் அப்போதனையின் ஓர் அங்கம். பாட்டி அக்குலீனாவுக்கோ எழுத்து வாசனையே இல்லை. அவள் கதை சொல்கின்றாள். பழைய பாடல்களைப் பாடுகின்றாள். சொல்லும்பொழுது பேரனின் முகத்தருகே குனிந்து, ஏதோ இரகசியம் பகர்வது போலப் பேசுகின்றாள். எழுத்து பாட்டனிடமிருந்தும், எழுத்தை நாடுவதற்கான காரணம் பாட்டியிடமிருந்தும் வருகின்றன. பாட்டன் தந்த எழுத்தறிவு தனித்து நின்றிருப்பின், அவன் ஒரு கடைச் சிப்பந்தியாகியிருப்பான். பாட்டியின் கதைகள் மட்டும் இருந்திருப்பின், வொல்காக் கரையில் இன்னுமொரு நாட்டார் கதைசொல்லி தோன்றியிருக்கலாம். இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ், அதுவும் சொத்துப்பிரிவினையால் சிதைந்துகொண்டிருந்த ஒரு குட்டிபூர்ஷ்வாக் குடும்பத்தில் சந்தித்தமைதான் இங்கு முக்கியமானது.

அவன் முதன்முதலாக விலைகொடுத்து வாங்கிய நூல்கள் திருட்டுப் பணத்தில் வாங்கப்பட்டவை. தாயின் பணத்தில் ஒரு ரூபிளை எடுத்து, வேதாகம வரலாறு ஒன்றையும் அன்டர்சனின் கதைகளையும் வாங்கினான், அடிபட்டான், அன்டர்சன் பறிக்கப்பட்டது. அடி வலித்ததைவிடப் புத்தகம் போனதே வலித்தது என்று அவன் நினைவு கூர்கின்றான். மறுபுறம், பள்ளியிலே பரிசாகப் பெற்ற நூல்களை, நோயுற்றுப் பணமின்றிக் கிடந்த பாட்டிக்காகக் கடையில் விற்று, கிடைத்த ஐம்பத்தைந்து கொப்பெக்குகளை அவளிடம் கொடுத்தவனும் அவனே. நூல்மீதுள்ள காதலைப் புனிதப்படுத்துவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே நோக்கவேண்டும். புத்தகம் அவ்வீட்டிலே ஒரு பண்டம். அதற்கு விலையுண்டு, அவ்விலை ரொட்டியோடும் மருந்தோடும் போட்டியிடுகின்றது.

தாயும் இறந்தபின், பதினொரு வயதளவில், பாட்டன் அவனை உலகத்திடம் ஒப்படைத்துவிடுகின்றார். 'தோப்ரி' என்னும் நீராவிக் கப்பலில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தபொழுதே அவனுடைய வாசிப்பு வரலாற்றின் தீர்க்கமான கட்டம் தொடங்குகின்றது. கப்பலின் தலைமைச் சமையற்காரன் ஸ்மூரி, முன்னாள் இராணுவத்தான், முரடன், குடிகாரன். அவனிடம் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை. எவ்வித ஒழுங்குமின்றிச் சேர்ந்தவை. ஸ்மூரி சிறுவனை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பான். விளங்கவில்லை என்றால் மீண்டும் வாசி என்பான். ஏழு முறை போதாதாயின் பன்னிரண்டு முறை வாசி என்பதே அவனது கல்வித் தத்துவம். கப்பல் தலைவனின் மனைவியிடமிருந்து இரவல் பெற்ற கோகலின் 'தாராஸ் புல்பா'வை இருவரும் வாசித்தபொழுது அம்முரடன் அழுதான். சிறுவனும் அழுதான்.

இக்காட்சி பலராலும் சிலாகிக்கப்படுவது. அதன் ஓரத்திலே கோர்க்கி குறித்துச் செல்லும் ஒரு விவரம் போதிய கவனம் பெற்றதாகத் தெரியவில்லை. ஸ்மூரி சிறுவனை வாசிப்பதற்கு அழைத்துச் செல்லும் வேளைகளில் கழுவப்படாத பாத்திரங்கள் அப்படியே இருந்துவிடுவதில்லை. அவற்றைக் கழுவும் சுமை மற்றொரு வேலையாளின் தலையில் விழுகின்றது. அவன் கோபங் கொள்கின்றான். அலெக்சியின் வாசிப்புக்குரிய ஓய்வு மற்றொருவனின் மேலதிக உழைப்பாலேயே கிடைத்தது. வர்க்க சமுதாயத்தில் ஓய்வு என்பது எப்பொழுதும் யாரோ ஒருவரின் உழைப்பிலிருந்து வெட்டியெடுக்கப்படுவது என்ற பொருளியல் உண்மை, ஒரு கப்பற் சமையலறையின் அளவில் இங்கு காட்டப்படுகின்றது. பிற்காலத்திலே அறிஞர்களாக விளங்கிய நம்மவர் எத்தனைபேர் வாசித்த வேளையில், வீட்டிலே அவர்தம் சகோதரிகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தனர் என்பதையும் இவ்விடத்தில் ஒருகணம் எண்ணிப்பார்த்தல் தகும்.

கப்பலுக்குப் பிந்திய கட்டம் மெழுகுதிரியோடு தொடர்புடையது. கட்டட வரைபடக்காரர் ஒருவரின் வீட்டில், உறவினன் என்ற பெயரில் வேலைக்காரனாக வாழ்ந்தபொழுது, இரவில் ஒளித்து வாசிக்க வேண்டியிருந்தது. எசமானனின் தாய் மெழுகுதிரியின் நீளத்தைக் குச்சியால் அளந்து வைப்பாள், காலையில் மீண்டும் அளப்பாள், குறைந்திருந்தால் கூச்சலிடுவாள். நிலவொளியைச் செப்புப் பாத்திரத்தில் ஏந்தி ஏட்டின்மீது தெறிக்கச் செய்ய முயன்று அவன் தோல்வியுறுகின்றான். பின்னர் சுவாமிப் படத்தின் முன் எரியும் விளக்கின் கீழ் நின்றுகொண்டு வாசிக்கின்றான். தேநீர்க் கொதிகலம் ஒன்று பழுதானதற்காகக் கிழவி பைன்மரச் சிராய்களால் அடித்த அடியில் உடல் வீங்க, மருத்துவர் அவனது முதுகிலிருந்து 42 சிராய்களைப் பிடுங்கியெடுக்கின்றார். முறைப்பாடு செய்யும்படியும் தூண்டுகின்றார். சிறுவன் முறைப்பாடு செய்யவில்லை. எசமானர் மனமகிழ்ந்து என்ன வேண்டும் என்று கேட்க, அயல்வீட்டுத் தையற்காரரின் மனைவியிடம் புத்தகம் இரவல் வாங்க அனுமதி வேண்டும் என்கின்றான். வாசிப்பு இங்கு பொழுதுபோக்கன்று, ஆன்மிக நாட்டமுமன்று. அது பேரம்பேசிப் பெறப்பட்ட உரிமை. தொழிற்சங்க வரலாற்றில் வேலைநேரக் குறைப்புக்கான போராட்டத்தை எந்த இடத்தில் வைக்கின்றோமோ, அதற்கு அணித்தாகவே இதனையும் வைக்கவேண்டும்.

அவ்வாறு பெற்ற உரிமையைக் கொண்டு அவன் வாசித்தவை எவை? விலைமலிந்த பரபரப்பு நாவல்கள். தூமாவின் சாகசக் கதைகள். பொன்சோன் து தெராயின் தொடர்கதைகள். இவற்றின் பின்னரே பால்சாக்கும் புஷ்கினும் வருகின்றனர். நம்மிடையே தீவிர இலக்கியம் பேசுவோர் சிறுவயது வாசிப்பின் இக்கீழ்ப்படிகளை வெட்கத்தோடு மறைத்துவிடுவதுண்டு. சார்த்தரிடத்திலும் இதுவே நிகழ்கின்றது. ஆயின் அவர் மறைக்கவில்லை. பாட்டனாரின் நூலகத்து உயர்தர நூல்களைப் பெரியோர் காணும்படி விரித்து வைத்திருந்த அச்சிறுவன், தாயின் துணையோடு தெருவோரக் கடைகளிலே வாங்கிய சாகசப் படக்கதை இதழ்களையே மெய்யான மகிழ்ச்சியுடன் வாசித்தான். முதிர்ந்த வயதிலுங்கூட விட்கென்ஸ்டைனைக் காட்டிலும் துப்பறியும் நாவல்களையே தாம் விரும்பி வாசிப்பதாக அத்தத்துவஞானி ஒப்புக்கொள்கின்றார்.

இதனை வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையை முற்போக்கு அணியினர் பலர் வரவேற்றனர். ஈழத்து நாவல் வெளியீட்டுக்கும் சஞ்சிகைகளுக்கும் அதனால் விளைந்த நன்மை மறுக்கத்தக்கதன்று. வீரகேசரிப் பிரசுரங்களின் பெருக்கம் அதற்குச் சான்று. ஆயினும் அவ்விவாதத்தில் வளர்ந்த வாசகரே கருத்திற் கொள்ளப்பட்டனர் என்று எண்ணத் தோன்றுகின்றது. நச்சிலக்கியம் என்று நாம் பொதுமைப்படுத்தியவற்றுள், எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையிலிருந்து ஒரே மூச்சில் வாசிக்கும் நிலைக்குச் சிறுவர் ஏறிச்சென்ற படிகளும் இருந்தன. அப்படிகளை அகற்ற முற்பட்டோர் வேறு படிகளைக் கட்டவேண்டியிருந்தது. மாஸ்கோவிலிருந்து வந்த வண்ணப்படச் சிறுவர் நூல்கள் அப்பணியை ஓரளவு செய்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அவ்வரவும் நின்றுபோயிற்று.

சார்த்தரின் 'சொற்கள்' 1964இல் நூலாக வெளிவந்தது. 'வாசித்தல்', 'எழுதுதல்' என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. அவரும் தந்தையை இழந்தவர். பாட்டன் வீட்டில் வளர்ந்தவர். ஒப்புமை அவ்வளவோடு முடிந்துவிடுகின்றது. ஜெர்மன் மொழியாசிரியராகிய சார்ள்ஸ் ஷ்வைட்சரின் வீட்டில் நூல்கள் சுவரை மறைத்து நிற்கின்றன. வாசிக்கத் தெரியுமுன்னரே குழந்தை அவற்றை வணங்குகின்றது. நன்கு மனப்பாடமாயிருந்த எக்டர் மாலோவின் கதைநூலொன்றை எடுத்துவைத்து, வாசிப்பது போலப் பாவனை செய்து, அப்பாவனையின் ஊடாகவே வாசிக்கக் கற்றுக்கொள்கின்றது. அலெக்சிக்கு ஆபத்து, பிறர் காண்பது. சார்த்தருக்கோ பிறர் காணாவிடின் வாசிப்பே பாதி பொருளிழந்துவிடுகின்றது. ஒருவன் மெழுகுதிரியை மறைக்கின்றான். மற்றவன் மேடைவிளக்கின் கீழ் அமர்கின்றான். அந்நடிப்பை இரக்கமின்றி அம்பலப்படுத்துவதே 'சொற்கள்' என்னும் நூலின் ஆற்றல். ஒரு பூர்ஷ்வாக் குடும்பம் தன் பண்பாட்டு மூலதனத்தைப் பேரனின் உடலில் எவ்வாறு முதலீடு செய்கின்றது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நூல் அரிது.

விளைவிலும் வேறுபாடுண்டு. சார்த்தர் விலங்குகளைக் கலைக்களஞ்சியத்தின் படங்களிலேயே முதலிற் சந்தித்தார். பின்னர் மிருகக்காட்சிச்சாலையிலே கண்ட குரங்குகள் அவருக்குப் போதிய அளவு குரங்குகளாகத் தோன்றவில்லை. சொல்லிலிருந்து பொருளுக்கு வந்த அவர், சொல்லையே பொருளென மயங்கிய நோய் நீங்க முப்பதாண்டுகள் சென்றன என்கிறார். கோர்க்கியின் பயணம் எதிர்த்திசையிலானது. பால்சாக்கின் 'யூஜெனி கிராந்தே' நாவலில் வரும் கஞ்சக் கிழவனிலே தன் பாட்டனைக் கண்டு அவன் வியக்கின்றான். பாட்டனுக்கும் கிராந்தேக்கும் இடையே ஒரு கண்டம் முழுவதும் கிடக்கின்றது. எனினும் சொத்தின் தர்க்கம் இருவரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தது. அவ்வொற்றுமையைச் சிறுவன் கோட்பாடாக அறிந்தானல்லன். வாழ்ந்தறிந்ததை நூலில் மீண்டும் கண்டுகொண்டான். யதார்த்தவாதத்தின் சிறப்புப் பற்றி நாம் எழுதிக் குவித்துள்ள கட்டுரைகளைவிட இவ்வொரு நிகழ்ச்சி அதனை நன்கு விளக்குகின்றது.

ஆனால் இங்கு நின்றுவிடின் கோர்க்கிக்கே அநீதி செய்தவராவோம். வாசகன் தன் வாழ்வை நூலில் காண்பதோடு வாசிப்பார்வம் நிறைவடைந்துவிடுவதில்லை. 1928இல் எழுதிய, தாம் எழுதக் கற்றமை பற்றிய கட்டுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். பெருநாளொன்றின் மாலையில், கொண்டாட்டக்காரரிடமிருந்து தப்பிக் கொட்டகையின் கூரைமீதேறி, ஃபுளோபேரின் 'எளிய உள்ளம்' என்னும் கதையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சமையற்காரியின் சாதாரண வாழ்வைச் சாதாரணச் சொற்களாற் சொல்லும் அக்கதை ஏன் இவ்வாறு உள்ளத்தை உலுக்குகின்றது என்று விளங்காமல், தாள்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாராம், வரிகளுக்கிடையே ஏதோ சூத்திரம் ஒளிந்திருக்கின்றது போல. உள்ளடக்கத்தினாற் கவரப்பட்ட வாசகன் உருவத்தின் வினாவைத் தானே எழுப்பும் கணம் அது. உருவம் பற்றிப் பேசுவதே பூர்ஷ்வாத்தனம் என்று ஒருகாலத்தில் மேடைகளிலே முழங்கியோர், இக்கூரைமேற் காட்சியை எங்ஙனம் விளக்குவரோ தெரியவில்லை.

இருவர் நூல்களிலும் முதற்குரல் பெண்ணின் குரல் என்பதும் தற்செயலன்று. பாட்டி சொல்கின்றாள், சார்த்தரின் தாய் ஏட்டைப் பார்த்து வாசிக்கின்றாள். தாய் வாசிக்கத் தொடங்கியதும் அவளது வழமையான குரல் மாறிப் புத்தகமே பேசுவதாகக் குழந்தை திகைக்கின்றது. செவிவழியாகவே கண்ணின் ஆர்வம் பிறக்கின்றது. நமது சூழலில் இதற்குரிய பெரும் நிறுவனம் யாழ்ப்பாணத்துப் புராணபடனமாகும். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதாரும் இலக்கியத்தின் கேள்வியறிவு பெற்றனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று போற்றியது இச்சூழலையே. அக்கேள்வியரங்கு கோயிலில் இருந்தது. கோயிலின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்த சமூகத்திலே, கதை கேட்பதும் சாதிவழிச் சொத்தாகவே இருந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டிப் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட முற்பட்டபொழுது பாடசாலைகள் சில எரிக்கப்பட்டமையும் வரலாறு. செவிக்கும் கண்ணுக்கும் ஒருங்கே தடை விதிக்கப்பட்ட குழந்தையின் வாசிப்பார்வம் எங்கே முளைக்கும்?

டொமினிக் ஜீவாவின் வாழ்வு இவ்வினாவுக்கான விடைகளுள் ஒன்றாகும். 1927இல் பிறந்த அவரது பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு, சாதியிழிவுக்கு ஆளான நிலையில் முடிவுற்றது. தந்தை வழித் தொழிலாகிய சிகையலங்காரம் நடந்த சலூனே தமது பல்கலைக்கழகம் என அவர் பெருமையோடு கூறிவந்தார். கோர்க்கியின் மூன்றாம் பாகத்துத் தலைப்பினை நினைவூட்டும் இக்கூற்றினை வெறும் அணிநயமாகக் கொள்ளலாகாது. சலூன் என்பது புதினத்தாள் கிடக்கும் இடம்; காத்திருக்கும் நேரம் உள்ள இடம்; ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் இடம்; தொழிற்சங்கத்தவரும் ஆசிரியரும் கூலியாளும் அடுத்தடுத்து அமரும் இடம். புராணபடனம் மறுத்த கேள்வியரங்கைச் சலூன் வழங்கியது. 1966 ஆகஸ்ட் மாதத்தில் அவர் தொடங்கிய 'மல்லிகை' நாற்பதாண்டுகளுக்கு மேல் வெளிவந்தமைக்கு, அவருடைய விடாமுயற்சியைக் காரணமாகக் கூறுவோர், இவ்வரங்கினையும் உடன்கூறுதல் வேண்டும்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி எழுத்தறிவைப் பரவலாக்கியது. பாட்டன் செய்த பணியை அரசு ஏற்றது எனலாம். பாட்டியின் பணியை ஏற்றவர் எவருமிலர். எழுத்தறிந்த பின்னர் நூல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1934இல் வாடகை அறையொன்றில் தொடங்கிய பொது நூலகம், 1959இல் புதிய கட்டடத்திலே திறக்கப்பட்டது. புத்தக அலுமாரி இல்லாத வீடுகளிலிருந்து வந்த சிறுவர்க்கு அது ஷ்வைட்சரின் சுவர். அதுவும் பொதுச் சொத்தாகிய சுவர். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அது எரிக்கப்பட்டபொழுது, அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏட்டுச்சுவடிகளையும் பற்றியே நாம் பெரிதும் பேசியுள்ளோம். ஆய்வாளர்க்கு அவ்விழப்பு ஈடுசெய்யவொண்ணாததே. எனினும் அவ்வாண்டில் பத்து வயதினராயிருந்த, வேறெங்கும் நூல் பெறும் வழியற்ற சிறுவரின் இழப்பு ஆய்வாளரின் இழப்பினின்றும் வேறானது. அது இன்னும் எழுதப்படவில்லை.

மலையகத்தின் நிலை மேலும் மோசமானது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பான்மையும் 1970களிலேதான் அரசின் பொறுப்பில் வந்தன. லயன் அறையின் குப்பிவிளக்கின் கீழ், அதிகாலைப் பிரட்டுக்கு எழும்ப வேண்டிய பெற்றோரின் உறக்கத்துக்கு இடையூறின்றி வாசித்த பிள்ளைக்கு, கோர்க்கியின் மெழுகுதிரிக் கணக்குப் புதிதன்று. இத்தகையோரின் வாசிப்பு நினைவுகளைத் திரட்டுவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணி. கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை: முதலில் யார் வாசிக்கக் கேட்டீர்கள்; முதல் நூல் யாருடையது; எந்த விளக்கில் வாசித்தீர்கள்; நீங்கள் வாசித்தபொழுது உங்கள் வேலையைச் செய்தவர் யார். இறுதி வினாவைப் பெண்களிடம் கேட்கும்பொழுது, அதனை மாற்றியே கேட்க நேரிடும்.